குடும்பச் சொல்லும் மரபணுக் குறியும்: பெருங்குடற் புற்றுநோய் வரலாற்றில் ஒரு நூற்றாண்டு

பிழையும் சான்றாகும் என்பது சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டோர் நன்கறிந்த உண்மை. இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவ்விரண்டும் ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனத் துணிகின்றோம். சரியான பாடம் எல்லா ஏடுகளுக்கும் பொதுவாதலின் அது உறவைக் காட்டுவதில்லை. பிழையே குலத்தைக் காட்டுகின்றது. ஏட்டிற்குரிய இவ்வுண்மை மாந்தர் உடம்பிற்கும் பொருந்துமாற்றினை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றில் ஒரு குடும்பத்தின் கதையைப் பற்றிச் சென்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை ஆய்விதழொன்றில் பெருங்குடற் புற்றுநோய்க்கு என்ன இடம் என வினவுவார் இருத்தல் கூடும். யான் மருத்துவம் பயின்றேன் அல்லேன். ஆயினும், எது சான்று, எது வெறும் கேள்வி என்னும் வழக்கு எம் துறைக்கும் உரியது. வாய்மொழியாக வந்த செய்தியை எந்த அளவிற்கு ஏற்பது என்பதில் நம்முள் முரண்பட்டோர் எத்துணையர்! மருத்துவத்திலும் அவ்வழக்கு நிகழ்ந்துளது. 1895-ஆம் ஆண்டில் ஒரு தையற்பெண் தன் குடும்பத்தைப் பற்றிக் கூறிய சொல் மெய்யென்பது எழுத்தளவில் நிறுவப்பட்டது 2000-ஆம் ஆண்டில். இடைப்பட்ட 105 ஆண்டுக் காலத் தாழ்விற்குக் கருவிகள் இன்மை ஒரு காரணமே. குடும்பத்தார் சொல்லைச் சான்றாக மதியாமை மற்றொரு காரணம். பின்னது முன்னதினும் சிறிதன்று என்பது எம் கருத்து.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்னும் நகர் உளது. அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் ஆராய்ந்தவர் ஆல்டிரெட் ஸ்காட் வார்த்தின் (1866–1931). இசையை முறையாகப் பயின்று பின் மருத்துவத்திற்கு வந்தவர். 1895-இல் அவர் தமக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண்ணொருத்தியுடன் உரையாடிக்கொண்டிருந்தபோது, அப்பெண் வாட்டமுற்றிருந்த காரணத்தை வினவினார். தான் இளமையிலேயே இறந்துபடுவது உறுதி என அப்பெண் விடையிறுத்தாள். தன் குடும்பத்தார் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து மாண்டனர். ஆகவே தனக்கும் அதுவே முடிவு என்பது அவள் துணிபு. அவள் அப்பொழுது நோயுற்றிருக்கவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மருத்துவர் எவரும் அவளுக்கு அதனை அறிவுறுத்தவில்லை. சாவுகளை எண்ணிப் பார்த்த குடும்பத்தின் நினைவே அவளுக்கு ஆசான். பின்னாளில் அவள் கூறியவாறே கருப்பைப் புற்றினால் இறந்தாள்.

பிறர் இரங்கிவிட்டுப் போகக்கூடிய இச்சொல்லை வார்த்தின் குறித்துக்கொண்டார் என்பதிலேயே அவர் பெருமை அடங்கியுள்ளது. அப்பெண்ணின் துணைகொண்டே குடிவழிப் பட்டியல் ஒன்றை வகுக்கலானார். ஜெர்மனியிலிருந்து வந்து மிச்சிகனில் குடியேறிய முன்னோர் ஒருவரிடமிருந்து கிளைத்த குடும்பம் அது. ஆய்வேடுகளில் அதற்கு 'ஜி குடும்பம்' என்று பெயர். 1913-இல் வார்த்தின் வெளியிட்ட கட்டுரையில் அம்மூதாதையின் வழித்தோன்றல்கள் 48 பேருள் 17 பேர் புற்றுநோயால் இறந்தனர் அல்லது அதற்காக அறுவை செய்துகொண்டனர் எனக் காட்டினார். கருப்பையும் இரைப்பையுமே பெரும்பாலும் நோயுற்ற உறுப்புகள். 1925-இல் அக்குடும்பத்தைப் பற்றி மீண்டும் எழுதினார். அவர் மறைந்த பின் 1936-இல் ஹாசர், வெல்லர் என்னும் இருவர் தொடர்ந்து எழுதினர். அதற்குப் பின் அக்குடிவழி ஏடு பல்கலைக்கழகத்துப் பேழையில் உறங்கியது.

அஃது உறங்கியதற்குக் காரணம் கூறாது செல்லல் வரலாற்று நேர்மையன்று. புற்றுநோய் பரம்பரை வழி வருவதன்று என்னும் கருத்தே அந்நாளில் மேலோங்கி நின்றது. அன்றியும், வார்த்தின் 'நற்குடி வளர்ப்பு' என்று தன்னைக் கூறிக்கொண்ட யூஜெனிக்ஸ் கொள்கையில் ஈடுபாடு உடையவர். தீய மரபு உடையோர் மகப்பேறு ஒழிதல் வேண்டும் என்னும் அக்கொள்கை அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களாகவும், பின்னர் ஜெர்மனியில் கொலையாகவும் முடிந்ததை அறிவோம். தையற்பெண் தன் அச்சத்தைக் கூறினாள். அதனைக் கேட்டவர் மனத்தில் அச்சொல்லுடன் குலத்தைப் பற்றிய இகழ்ச்சியும் கலந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'பரம்பரை' என்னும் சொல்லே அறிஞரைத் துணுக்குறச் செய்தது எனின் வியப்பில்லை. மெய்யான சான்று தீய துணைபற்றி நின்றமையால் அதுவும் ஐயத்திற்கு ஆளாயிற்று.

இனி நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகருக்கு வருவோம். 1962-இல் அங்கு ஹென்றி லிஞ்ச் (1928–2019) என்பார் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தார். இளமையில் கடற்படையில் இருந்தவர், குத்துச்சண்டை வீரர், மருத்துவத்திற்கு முன் மரபியல் பயின்றவர். மிகுகுடியால் அறிவு திரிந்து மருத்துவமனைக்குக் கொணரப்பட்ட ஒருவரை அவர் காண நேர்ந்தது. தெளிவு பெற்றபின் அந்நோயாளர், தாம் குடிப்பதன் காரணத்தைக் கூறினார்: குடும்பத்தார் பலரும் பெருங்குடற் புற்றால் மாள்கின்றனர், தமக்கும் அதுவே விதி, அதனை எண்ணியே குடிக்கின்றேன் என்று. ஆன் ஆர்பர் தையற்பெண்ணின் சொல்லும் ஒமாகாக் குடியரின் சொல்லும் ஒன்றே என்பதனைக் காண்க. அறுபத்தேழு ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே தீர்ப்பைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டனர்.

லிஞ்ச், ஆன் கிரஷ் என்னும் சமூகப் பணியாளருடன் அக்குடும்பத்தை ஆராய்ந்தார். உறவினரை நேரிற் கண்டு வினவுதல், இறப்புச் சான்றிதழ்களையும் மருத்துவமனை ஏடுகளையும் தேடிப் பொருத்திப் பார்த்தல் ஆகியவற்றிற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைக் கல்வெட்டும் சுவடியும் தேடி அலைந்தோர் அறிவர். 1966-இல் இரு பெருங் குடும்பங்களைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அப்பணியை அறிந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வார்த்தினின் பழைய ஏடுகளை லிஞ்சிடம் ஒப்படைத்தனர். 1971-இல் அவரும் கிரஷும் ஜி குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1895 முதல் 1970 வரையிலான செய்திகளைத் தொகுத்தது. அதில் ஒரு நுட்பமான மாற்றம் புலனாயிற்று. முன்னைத் தலைமுறைகளில் இரைப்பைப் புற்று மிகுந்திருக்க, பின்னைத் தலைமுறைகளில் பெருங்குடற் புற்று மிகுந்தது. அமெரிக்க மக்கள் அனைவரிடையேயும் இரைப்பைப் புற்று அக்காலத்தில் குறைந்து வந்தது. எனவே, வாழ்க்கைச் சூழல் நோயின் இடத்தை மாற்றினும், நோய்க்கு இடந்தரும் மரபு மாறாது நின்றது எனல் பொருந்தும்.

லிஞ்சின் கூற்றை ஏற்றோர் சிலரே. ஒரே வீட்டில் வாழ்வோர் ஒரே உணவை உண்கின்றனர், ஒரே காற்றை உயிர்க்கின்றனர்; ஆகவே நோய் ஒத்திருத்தல் இயல்பு என்றனர் பலர். தற்செயல் என்றனர் வேறு சிலர். அவர்தம் நிதி விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. மறுத்தோரை முற்றும் பழித்தல் முறையன்று. ஒரு குடும்பத்துச் செய்தியைக் கொண்டு உலகிற்கெல்லாம் விதி வகுத்தல் ஆகாது என்னும் அவர் எச்சரிக்கை ஆய்வு நெறிக்கு ஏற்றதே. ஆயினும் அவர்கள் ஐயுற்றதோடு அமைந்து, ஆராய முன்வரவில்லை என்பது குறையே. 1984-இல் இந்நோய்க்கு 'லிஞ்ச் நோய்த்தொகுதி' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1990-இல் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய அறிஞர் குடும்பங்களை இனங்காணும் அளவைகளை வகுத்தனர்: நோயுற்ற உறவினர் மூவரேனும் இருத்தல், அவருள் ஒருவர் மற்ற இருவர்க்கும் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் என்னும் முதனிலை உறவினராதல், அடுத்தடுத்த இரு தலைமுறைகளில் நோய் காணப்படுதல், ஒருவர்க்கேனும் 50 வயதிற்கு முன் நோய் தோன்றியிருத்தல். பெருங்குடலில் நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும் வேறொரு பரம்பரை நோய் இதனின் வேறாக நீக்கப்பட்டது, அதற்குரிய ஏ.பி.சி. என்னும் மரபணு 1991-இல் அறியப்பட்டது. தையற்பெண் மனக்கணக்கிற் கண்டதனையே ஆம்ஸ்டர்டாம் அளவைகள் எண்ணிட்டு உரைத்தன எனல் மிகையாகாது.

1993-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனை. அதனை விளக்குதற்கு முன் சிறிது அடிப்படை கூறல் வேண்டும். மனித உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் இழையில் நான்கே எழுத்துகளால் ஏறத்தாழ 300 கோடி எழுத்தளவில் வாழ்வின் நூல் எழுதப்பட்டுள்ளது. உயிரணு இரண்டாகப் பிரியுந்தோறும் அந்நூல் முழுமையும் படியெடுக்கப்படுகின்றது. பெருங்குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. ஆகவே அங்குப் படியெடுப்பு ஓயாது நிகழ்கின்றது. படியெடுப்பில் பிழை நேர்தல் இயல்பு. அதிலும், ஒரே எழுத்தோ ஈரெழுத்துத் தொடரோ மீண்டும் மீண்டும் அடுக்கி வரும் இடங்களில் பிழை எளிதில் நேரும். ஏடெழுதுவோர் நிலையும் அதுவே. அடுக்குத்தொடர் வருமிடத்து கண் வழுக்கி ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவர். இளமையில் யான் ஒப்புநோக்கிய ஏடொன்றில் 'பல' என்பது இருமுறை வரவேண்டிய இடத்தில் மும்முறை வந்திருந்தது கண்டு, அதனைப் புதிய பாடமோ என ஒரு கிழமை மயங்கியதுண்டு.

பின்லாந்து நாட்டு அறிஞரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறிஞரும் கூடி, பெரிய குடும்பங்கள் இரண்டினை ஆராய்ந்து, நோய்க்குரிய இடம் இரண்டாம் குரோமோசோமில் உளது என 1993-இல் கண்டனர். புற்றில் அவ்விடம் அழிந்திருக்கும் என எதிர்பார்த்துக் கட்டிகளைச் சோதித்தனர். அழிவு காணப்படவில்லை. மாறாக, நலமுள்ள திசுவில் இல்லாத புதிய நீளங்கள் அடுக்குத்தொடர்களில் தோன்றின. தொடர்கள் நீண்டும் குறுகியும் நூலெங்கும் சிதறியிருந்தன. அவ்வாண்டிலேயே வேறு இரு ஆய்வுக் குழுவினரும் தனித்தனியே இதனைக் கண்டனர். மருத்துவர் இதனை 'எம்.எஸ்.ஐ.' என்பர், குறுந்தொடர் நிலையாமை என யாம் வழங்கலாம். தேடிய பொருள் வேறு. கிட்டிய பொருள் வேறு. ஆனால் கிட்டியதே பெரிது.

இதன் பொருளை முதலில் உணர்ந்தோர் மருத்துவர் அல்லர். நுண்ணுயிரிலும் நொதியிலும் ஆய்வு செய்தோர். குடல்வாழ் நுண்ணுயிரி ஒன்றில் படியெடுப்புப் பிழைகளைத் திருத்தும் ஒரு பொறி இருப்பதைப் பால் மாட்ரிச் என்பார் நெடுநாள் ஆராய்ந்து, 1989-இல் அப்பொறியைச் சோதனைக் குழாயிலேயே அமைத்துக் காட்டினார். ஒரு புரதம் பிழையைக் கண்டு பற்றுகின்றது, மற்றொன்று துணைநிற்கின்றது, பிறிதொன்று புதிய இழையை வெட்டுகின்றது, பிழையுற்ற பகுதி நீக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகின்றது. ஈண்டு ஒரு வினா எழும். இரண்டு இழைகள் தம்முள் மாறுபடின், எது மூலம், எது படி எனத் திருத்துவோன் அறிவது எவ்வாறு? மூலத்தைத் திருத்திப் படியை நிலைநாட்டிவிட்டால் பிழையே நூலாகிவிடுமன்றோ? பதிப்பாசிரியர் ஒவ்வொருவரையும் அலைக்கழிக்கும் இவ்வினாவிற்கு அந்நுண்ணுயிரி விடை கண்டு வைத்துள்ளது. பழைய இழையில் மெத்தில் என்னும் வேதிக்குறி பொறிக்கப்பட்டிருக்கும்; புதிய இழையில் அக்குறி ஏறச் சிறிது காலம் செல்லும். குறியற்ற இழையே படி எனக் கொண்டு அதனையே பொறி திருத்தும். மனித உயிரணுவில் இப்பாகுபாடு வேறு வகையில் நிகழினும் நெறி ஒன்றே. இத்திருத்தத்தால் படியெடுப்பின் செம்மை ஏறத்தாழ நூறு முதல் ஆயிரம் மடங்கு உயர்கின்றது. மாட்ரிச் 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றோர் மூவருள் ஒருவர்.

நொதி உயிரணுக்களில் இத்திருத்தப் பொறியைச் சிதைத்தால் அடுக்குத்தொடர்கள் நிலைகுலைகின்றன என்பதை 1993-இல் தாமஸ் பீட்ஸ் முதலியோர் காட்டினர். புற்றுக் கட்டியில் காணப்பட்டதும் அதுவே. அவ்வாண்டு இறுதியில் எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவும், மறு ஆண்டில் மூன்றாம் குரோமோசோமில் உள்ள எம்.எல்.எச்.1 என்னும் மரபணுவும் கண்டறியப்பட்டன, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்பன பின்னர்ச் சேர்ந்தன. லிஞ்ச் குடும்பங்களில் வழிவழி வருவது புற்று அன்று. பிழை திருத்துவோனின் குறைபாடே வழிவழி வருகின்றது. தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக ஒவ்வொருவர்க்கும் இம்மரபணு இரண்டு படிகளாக உளது. ஒன்று பிழைபட்டுப் பிறந்தவர்க்கு மற்றொன்று காவல் நிற்கும். குடற்சுவரில் எங்கேனும் ஓர் உயிரணுவில் அக்காவலும் வீழ்ந்தால், அங்குப் பிழைகள் மலிந்து புற்றுக்கு வழியாகும். பெற்றோருள் ஒருவர்க்கு இக்குறை இருப்பின் மக்கள் ஒவ்வொருவர்க்கும் அது வருதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. வந்தோர் அனைவரும் நோயுறுவர் என்பதும் இல்லை.

ஆயின் வார்த்தினின் ஜி குடும்பத்தில் இப்பிழை உடனே அகப்படவில்லை. நல்ல படியும் பிழைபட்ட படியும் ஒருங்கே வாசிக்கப்படும்போது நல்ல படி பிழையை மறைத்துவிடுகின்றது. இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியிற் பிடித்துப் படிப்பதை ஒக்கும் அது. 2000-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர் மனித உயிரணுவை எலி உயிரணுவுடன் இணைத்து இரு படிகளையும் வேறு வேறாகப் பிரிக்கும் முறையை வகுத்தனர். அப்போதுதான் தையற்பெண்ணின் குடும்பத்துப் பிழை வெளிப்பட்டது. எம்.எஸ்.எச்.2 மரபணுவின் நான்காம் பகுதி தொடங்குமிடத்தில், 'டி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஜி' என ஓரெழுத்து மாறியிருந்தது. 300 கோடி எழுத்தில் ஓர் எழுத்து! 2005-இல் வெளிவந்த ஆய்வு அக்குடும்பத்தில் 929 வழித்தோன்றல்களைக் கணக்கிட்டது.

இவ்வறிவால் விளைந்த பயன் யாது? முதற்பயன் முன்னறிதல். பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. மூன்றாண்டுக்கொரு முறை குடலைக் குழாய்க் கருவியால் நோக்கி முளைகளை நீக்கிக்கொண்டோரிடையே பெருங்குடற் புற்று 62 விழுக்காடு குறைந்தது. சர் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஏறத்தாழ ஈராண்டு உட்கொண்டோர்க்குப் பின்னாளில் இப்புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என 2011-இல் காட்டியது. எளிய மருந்து; ஆனால் தனக்கு அது வேண்டுமென்று அறிந்தவர்க்கே அஃது எளிது. குருதிக் கசிவு முதலிய தீங்குகளும் அதற்கு உண்டாதலின் எல்லோர்க்கும் உரிய மருந்தன்று.

அறுத்தெடுத்த கட்டியையே சோதித்து இக்குறையை அறியும் வழக்கமும் வந்துளது. பிழை திருத்தும் புரதங்கள் நான்கும் திசுவில் உளவா என நிறமேற்றிப் பார்ப்பர். அல்லது அடுக்குத்தொடர்களின் நிலையாமையை அளப்பர். பெருங்குடற் புற்றுகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இந்நிலையாமை காணப்படும். ஆயின் பரம்பரைக் குறையால் வருவன ஏறத்தாழ 3 விழுக்காடே. ஏனையவற்றுட் பெரும்பாலன முதுமையில் தோன்றுவன; அவற்றில் எம்.எல்.எச்.1 மரபணுவின் எழுத்து கெடவில்லை; வேதிக்குறிகளால் அது படிக்கவொண்ணாதபடி மூடப்பட்டுள்ளது. ஏடு பழுதன்று, கட்டு அவிழ்க்கப்படவில்லை. பி.ராப் என்னும் மரபணுவில் குறிப்பிட்டதொரு மாற்றம் உடனிருப்பின் அது பெரும்பாலும் பரம்பரை நோயன்று என மருத்துவர் துணிவர். இவ்வாறு ஒரு குறியை மற்றொரு குறியால் விளக்கிக்கொள்ளும் முறை உரையாசிரியர் நெறியை நினைவூட்டுகின்றது. மலத்தில் உதிரும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு நோயை முன்னறியும் சோதனை ஒன்றும் 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இரண்டாம் பயன் மருத்துவ முறை. குறி என்பது கொடுக்கத்தக்க மருந்தைக் காட்டுவதற்கு முன்னரே, கொடுக்கத்தகாத மருந்தைக் காட்டியது. செடுக்சிமாப் என்னும் மருந்து 2004-இல் வந்தது, கே.ராஸ் மரபணுவில் மாற்றமுடைய கட்டிகளுக்கு அதனால் பயனில்லை என 2008-இல் தெளிவாயிற்று. ஏறத்தாழப் பத்தில் நால்வர்க்கு அம்மாற்றம் உண்டு. அதுகாறும் அவர்கள் பெற்றது மருந்தின் துன்பம் மட்டுமே. ஐந்து-புளூரோயுராசில் என்னும் பழைய மருந்து, குறுந்தொடர் நிலையாமை மிக்க கட்டிகளுக்குத் துணைமருந்தாகப் பயன் தரவில்லை என்பதும் 2003-இல் வெளிவந்த செய்தி.

இனிக் கூறப்போவது இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி. உடம்பின் நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு இயற்கை இட்டுள்ள தடையை நீக்கும் மருந்துகள் 2010-ஐ ஒட்டிச் சோதிக்கப்பட்டன. பெருங்குடற் புற்றில் அவை ஏறக்குறைய முற்றும் தோற்றன. பயன் பெற்றவர் ஒரேயொருவர். பலர் அவ்வொருவரைத் தற்செயல் என ஒதுக்கியிருப்பர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞரோ அவர் கட்டியை ஆராய்ந்து, அது பிழை திருத்தும் ஆற்றலை இழந்தது எனக் கண்டனர். பிழைகள் மலிந்த கட்டி உடம்பு முன்பின் அறியாத புரதங்களைப் பிறப்பிக்கும். காவலர்க்கு அஃது அயலானாகத் தோன்றும். தடையை நீக்கினால் தாக்குவர் என்பது அவர் கருத்து. 2015-இல் வெளியான ஆய்வில், பெம்புரோலிசுமாப் மருந்து பெற்ற பெருங்குடற் புற்றுநோயாளருள் திருத்தும் ஆற்றல் இழந்த கட்டியுடையார் 10 பேரில் நால்வர்க்குக் கட்டி சுருங்கியது. அவ்வாற்றல் உடைய கட்டியுடையார் 18 பேரில் ஒருவர்க்கும் சுருங்கவில்லை. எதனால் நோய் விளைந்ததோ அதனாலேயே அது பகைவர்க்குத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. 2017 மே 23 அன்று அமெரிக்க மருந்தாணையம் இம்மருந்திற்கு, கட்டி எவ்வுறுப்பில் தோன்றினும் இக்குறி இருப்பின் வழங்கலாம் என ஒப்புதல் அளித்தது. உறுப்பின் பெயரை விடுத்து மரபணுக் குறி ஒன்றனையே பற்றி ஒரு புற்று மருந்து ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. 2022-இல் நியூயார்க் நகரத்து ஆய்வொன்று, இவ்வகை மலக்குடற் புற்றுடையார் 12 பேர் டோஸ்டார்லிமாப் என்னும் மருந்தை ஆறு திங்கள் பெற்றபின், பன்னிருவர்க்கும் கட்டி கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாது மறைந்தது என அறிவித்தது. அறுவையோ கதிர்வீச்சோ அவர்க்கு வேண்டப்படவில்லை.

இவற்றைக் கேட்டுப் புற்று வெல்லப்பட்டது எனக் களித்தல் பிழை. உடம்பெங்கும் பரவிய நிலையிலுள்ள பெருங்குடற் புற்றுகளுள் இக்குறியுடையன ஏறத்தாழ 5 விழுக்காடே. ஏனையோர்க்கு இம்மருந்துகள் தனித்து நின்று பெரும்பாலும் உதவுவதில்லை. குறியுடையாருள்ளும் எல்லோரும் பிழைப்பதில்லை.

மற்றொரு தடை மருந்தின் பாற்பட்டதன்று. மக்கள் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் லிஞ்ச் குறையுடையார் எனக் கணிக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் அதனை அறியார். அறிய விரும்பாதாரும் உளர். குறை வெளிப்பட்டால் வேலையும் காப்பீடும் போய்விடுமோ என்னும் அச்சத்தைப் போக்க அமெரிக்காவில் 2008-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதுவும் ஆயுட் காப்பீட்டைத் தழுவவில்லை. நம் வீடுகளில் அச்சம் வேறு வடிவில் நிற்கின்றது. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில், பாட்டி எந்நோயால் இறந்தார் என எவர் வாய்திறந்து உரைப்பர்? 'வயிற்றுக் கோளாறு' என்பதோடு செய்தி முடிந்துவிடும். புற்று என்னும் சொல்லையே வாயாற் கூற அஞ்சி 'அந்த நோய்' என்று கூறும் இல்லங்கள் எத்தனை! என் உறவிலேயே ஒருவர் 44 வயதில் குடல்நோயால் மறைந்தார்; அவர் தந்தையும் சிற்றப்பனும் எவ்வாறு இறந்தனர் என மருத்துவர் வினவியபோது விடை கூற வல்லார் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. அறிந்திருந்த பெரியம்மை அதனை எவர்க்கும் உரையாமலே முன்னரே மறைந்துவிட்டார். மரபணுச் சோதனைக்கு மருத்துவர் ஒருவரை அனுப்புவது பெரும்பாலும் இவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே. அவ்விடை மறைக்கப்பட்டால் கருவி இருந்தும் அதனிடம் செல்வாரில்லை. கட்டி ஒவ்வொன்றையும் சோதித்தல் வேண்டும் என 2009-இல் அமெரிக்க அறிஞர் குழு பரிந்துரைத்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்: குடும்ப நினைவு தவறுமிடத்தில் திசுவேனும் சான்று பகரட்டும் என்பது.

ஜி குடும்பத்தாரோ பேசினர். தையற்பெண்ணின் குடும்பத்தில் தோன்றிய ஏமி மெக்கே என்னும் கனடா நாட்டு எழுத்தாளர், தாமும் அப்பிழையை உடையவர் எனச் சோதனையால் அறிந்து, அக்குடும்ப வரலாற்றை 2019-இல் நூலாக வெளியிட்டார். ஆய்வேடுகள் எழுத்தாலும் எண்ணாலும் சுட்டிவந்த தையற்பெண்ணுக்கு அந்நூலில் பெயர் உண்டு. வார்த்தினுக்காக உறவினரிடம் சென்று குடிவழிச் செய்திகளைக் கேட்டுத் தொகுத்துக் கொடுத்தவள் அவளே என்னும் செய்தியும் உண்டு.